நுரை ஒயினுக்கு நெத்திலியா?

"இதுக்குப் போயி நெத்திலி வறுவலா? யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்று தட்டை ஒற்றை விரலால் தள்ளினார் ஜெயராஜ்.

மகன் இம்மானுவேலுக்குப் பெண் பேசி முடிக்கக் கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகைக்கு வந்திருந்தார்கள். பெண் ஜெபாவின் அம்மா ஹெலன், அங்கே ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவள். கப்பலில் இருந்த மனுஷர் வருகிறாரே என்று, தங்கக் காகிதம் சுற்றிய பச்சை பாட்டில் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தாள்.

ஜெயராஜ் கொஞ்ச காலம் கப்பலில் இருந்தது உண்மைதான். இருந்தது பாத்திரம் கழுவுகிற இடத்தில் என்பதை மட்டும் ஊரில் சொல்வதில்லை.

கார்க் 'டப்'பென்று பறந்தது, நுரை பொங்கியது. கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர், லேபிளைத் தடவிப் பார்த்தே "பிரான்ஸ் சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

"நுரை வர்ற வெள்ளை ஒயினுக்கு சீஸு, சிப்பி, மீன் முட்டை, இதான் தொட்டுக்கணும். நெத்திலி எல்லாம் பட்டை சாராயத்துக்கு வெக்கிற ஐட்டம்." சொல்லிக்கொண்டே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"எங்களுக்கு இன்னாண்ணா தெரியும். நீங்க சாப்புடுங்க," என்றாள் ஹெலன்.

தெரியாதுதான் என்று நினைத்துக்கொண்டார். எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிற வீடு. பைக் ஓட்ட வேண்டும் என்று இம்மானுவேல் தொடவில்லை. ஷிப்டுக்குக் கிளம்பிய ஹெலனின் மகன் மோசஸோ, யூனிஃபார்மோடு வந்து ஒரு டம்ளரை மடமடவென்று குடித்துவிட்டுப் போனான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனாம். கம்பெனி கேட்டில் வாயை ஊதச் சொல்வார்களே என்கிற பயம்கூட இல்லாத ஜென்மங்கள் என்று உதட்டைச் சுழித்தார் ஜெயராஜ்.

இந்த வீட்டில் சம்பந்தமா என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஆனால் பையன் ஒரே பிடியாக நின்றான். ஜெபா இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம், வீட்டை விட்டே போய்விடுவேன் என்றிருந்தான். அவன் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டு வந்தார்.

மூன்றாவது டம்ளரில் அந்த வாய் திறந்துகொண்டது. காது சூடாகி, கண் செருகி, தரை லேசாக ஆடியது. நெத்திலித் தட்டு எப்போதோ காலி.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதம்மா. எம் பையன் இந்த பாட்டிலு. உம் பொண்ணு அந்த நெத்திலி. ரெண்டையும் பக்கத்துல வெச்சா பாட்டிலுக்குத்தான் அசிங்கம்."

கேசரித் தட்டோடு வந்த ஜெபா, நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். இம்மானுவேல் எழுந்தான்.

"நைனா, நீ ஊட்டுக்குப் போ. நா வரல. இனிமேட்டும் வர மாட்டேன்."

தரை ஆடுவது சட்டென்று நின்றது. பையன் போனால் வீட்டு அடுப்பும் அணையும். ஆனாலும் ஒரு வழி இருந்தது. குடித்தவன் பேசியதை யாரும் கணக்கில் வைப்பதில்லை, இந்தப் பக்கத்தில் பாதிப் பஞ்சாயத்து அப்படித்தான் முடியும்.

தள்ளாடி எழுந்து ஹெலன் முன்னால் கை கூப்பினார்.

"ஏறிடுச்சும்மா. நா பேசல, உள்ள போன சரக்கு பேசிக்கினு கீது. எம் மனசுல அப்புடி ஒண்ணும் கெடையாது. பெரிய மனசு பண்ணி மறந்துடுங்க."

இம்மானுவேலின் முகம் கொஞ்சம் இளகியது. நிஜமாகவே போதைதானோ என்று கேட்பதுபோல ஹெலனைப் பார்த்தான்.

ஹெலன் குனிந்து காலி டம்ளரை எடுத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அது வெறும் கேஸ் அடிச்ச திராட்சை ஜூஸுங்கண்ணா."