நீங்கதான சொன்னீங்க

கம்ப்யூட்டர் கடையில் இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அதில் அவன் உட்கார்ந்திருந்தான்.

அவன் மனைவி பின்னால் நின்றாள். புது பிராசசர் பெட்டியைத் துணிப்பையோடு சேர்த்து நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"எதுக்கு சார் யூஸ் பண்ணப்போறீங்க?" என்று கேட்டார் கடைக்காரர். அவனைத்தான் கேட்டார்.

"வீட்டுக்குத்தான். டைப்பிங், படம் பாக்கறது. வேற என்ன."

வாய் முந்திக்கொண்டது.

தன் போட்டோ ஸ்டுடியோவை அவன் மூடிய பிறகு வீட்டில் அடுப்பு எரிவதே அவள் எடிட் செய்யும் கல்யாண வீடியோக்களால்தான். பழைய கம்ப்யூட்டர் ஒரு முகூர்த்தத்தை முடித்துத் தருவதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடுகிறது. அதற்காகத்தான் இந்த பிராசசர். அதற்குப் பொருத்தமான மதர்போர்டு எடுக்கத்தான் வந்திருக்கிறார்கள். இதைச் சொல்ல ஒரு வரி போதும்.

அந்த ஒரு வரிதான் அவனால் முடியவில்லை.

"அப்போ எச் சிப்செட் போர்டு போதும் சார். ரெண்டு ரேம் ஸ்லாட், ஒரு எஸ்எஸ்டி. டைப் அடிக்க இதுவே ஜாஸ்தி."

கண்ணாடி மேசைமேல் ஒரு சின்ன போர்டை எடுத்து வைத்தார். அவன் பெரிய மனுஷன் மாதிரி அதைத் திருப்பிப் பார்த்தான்.

இதில் அவளுடைய வேலை ஓடாது என்று அவனுக்குத் தெரியும். ஏன் ஓடாது என்றுதான் தெரியாது. நேற்று சாப்பிடும்போது அவள் விளக்கமாகச் சொன்னாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டே ம் கொட்டினான்.

"நீங்கதான சொன்னீங்க," என்றாள் அவள், மெதுவாக. "ரேம் ஸ்லாட் நாலு வேணும், எஸ்எஸ்டி ரெண்டு மாட்டணும், அதுக்கு பி சிப்செட்தான் சரின்னு."

அவன் சொல்லவில்லை. கனவில்கூடச் சொல்லியிருக்க மாட்டான்.

கடைக்காரர் சிரித்தார். "சார் எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னை டெஸ்ட் பண்றீங்களா?" சின்ன போர்டை ஓரமாகத் தள்ளினார். பெரியது வந்தது. பேச்சில் மரியாதையும் ஒரு படி ஏறியது. "பிராசசர் வேகத்தை ஏத்தி ஓட்டுவீங்களா சார்? அப்படின்னா இசட் சிப்செட் எடுத்துருங்க."

அவன் விழித்தான்.

"நீங்கதான சொன்னீங்க, நம்ம பிராசசர்ல ஏத்த முடியாது, லாக் பண்ணதுன்னு. அப்புறம் இசட் எடுத்து என்ன பண்றது."

"கரெக்ட் சார்," என்றார் கடைக்காரர் அவனிடம்.

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

முன்பு ஒரு கேமரா கடையில், நாலு பேர் முன்னால் அவள் அவனைத் திருத்தினாள். அவள் சொன்னதுதான் சரி. வெளியே வந்து அவளைப் பிடித்துக் கத்தினான். அப்புறம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவனை எங்கேயும் திருத்தவில்லை. எல்லாவற்றையும் அவனே சொன்னதாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பேங்கில். பிள்ளையின் பள்ளிக்கூடத்தில். அவன் அம்மாவிடம்கூட. அங்கெல்லாம் அவனைப் புத்திசாலி என்றார்கள். அவனும் நம்பிக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் இரண்டு பி போர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே சிப்செட்தான் சார். இதுல சூட்டைத் தணிக்கிற ஹீட் சிங்க் பெருசு, விலையும் கூட. சிஸ்டம் எவ்வளவு நேரம் தொடர்ந்து ஓடும்?"

அவள் விரல் அவன் தோளைத் தாண்டி நீண்டு, விலை கூடிய போர்டைத் தொட்டது. விடிய விடிய மௌஸ் பிடித்த விரல்.

"நீங்கதான சொன்னீங்க..."

"நான் சொல்லல," என்றான்.

அடுத்ததையும் சொல்லத்தான் நினைத்தான். இவதான் எடிட்டர், இவளைக் கேளுங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனால் முதல் இரண்டு சொற்களே கரகரவென்று, வெட்டியது போல வெளியே வந்தன.

விரல் சட்டென்று பின்னால் போனது.

அவன் திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கோபம் என்று நினைத்துவிட்டாள். அவள் மேல் தப்பில்லை. இத்தனை வருஷத்தில் அவன் குரல் இப்படி வந்தபோதெல்லாம் அது கோபமாகத்தான் இருந்திருக்கிறது.

"சரிங்க," என்றாள். பிறகு கடைக்காரரிடம், "முதல்ல காட்டுனீங்களே, அந்தச் சின்ன போர்டே குடுத்துருங்க. போதும்."

கடைக்காரர் குழம்பிப்போய் அவனைப் பார்த்தார்.

"சார்?"

அவன் எழுந்தான். அவள் உட்காரட்டும் என்று ஸ்டூலை அவள் பக்கம் இழுத்தான்.

ஸ்டூல் தரையில் கிறீச்சிட்டது.

அந்தச் சத்தத்துக்கும் அவள் ஓரடி பின்னால் போனாள்.