கைப்பிடி அளவு

சந்தையில் கத்திக்காரர் கேட்டது அவள் காதில் விழுந்தது.

"யாருக்குப்பா? எவ்ளோ பெரிய கை?"

அவள் புருஷன் யோசிக்கவே இல்லை. வலது கையைக் காற்றில் குவித்துக் காட்டினான். உள்ளே ஒரு கை இருப்பதைப் போல. இறுக்காமல், நழுவவும் விடாமல்.

"இவ்ளோ இருக்கும்."

அவள் பக்கத்துக் கடையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தக் குவிந்த கைக்குள் அவள் கை அடங்காது.

அவளுடைய பழைய கத்தி நுனி ஒடிந்துபோயிருந்தது. மாங்கன்று நர்சரியில் ஒட்டுக் கட்டுகிற வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் குந்தி உட்கார்ந்து, குச்சியைச் சீவி, கன்றைப் பிளந்து, செருகிக் கட்ட வேண்டும். காலையில் இடுப்பில் ஏறுகிற கத்தி சாயங்காலம்தான் இறங்கும். அலகு நீளமாக இருந்தால் குந்தும்போது தொடையில் இடிக்கும். ரொம்பக் குட்டையாக இருந்தால் ஒரே இழுப்பில் சீவ முடியாது. பிடிதான் முக்கியம். நாலு விரலும் அதில் உட்கார வேண்டும். ஒரு விரல் வெளியே நின்றாலும் கத்தி திரும்பிக் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிடும்.

இதெல்லாம் அவனுக்கும் தெரியும். அதே நர்சரியில்தான் தண்ணீர் பாய்ச்சுகிறான். அளவில் ஏமாறுகிற ஆள் இல்லை.

அப்படியென்றால் அது யார் கை?

கத்திக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். விரல் நீளத்துக்கு அலகு, மரப்பிடி, தோல் உறை. அவன் பிடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பிடித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் வெளியே நின்றது.

"நல்லா இருக்கா?" என்றான்.

"ம்."

கத்தியை வெடுக்கென்று உறையில் செருகினாள்.

மாதேவி. வேறு யார்? நர்சரியில் பைகளுக்கு மண் நிரப்புகிறவள். மெல்லிய மணிக்கட்டு. அவள் இருக்கிற பாத்திக்கு வரும்போது மட்டும் அவன் குழாய் மெதுவாக நகரும். அப்படித்தான் இவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு எல்லாமே பொருந்தி வந்தது. மாதேவி புது வளையல் போட்டிருந்தாள். அதுவும் பொருந்தியது.

கத்தியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதில்லை. சண்டை வரும் என்பார்கள். கொடுப்பவள் தரையில் வைக்க, வாங்குபவள் எடுத்துக்கொள்வாள். நர்சரியில் எல்லோருக்கும் அது பழக்கம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் கத்தியை மாதேவியின் கையிலேயே கொடுத்தாள்.

வந்தால் வரட்டும்.

மாதேவி ஒன்றும் புரியாமல் வாங்கிப் பிடித்தாள். சுண்டுவிரல் வெளியே நின்றது.

"என்னக்கா, சின்னப் புள்ளைக்கு வாங்கினதா?"

மண்ணை அள்ளி அள்ளி அந்தக் கையும் தடித்துப்போயிருந்தது. அந்த மணிக்கட்டுக்குக் கீழே இப்படியொரு கை இருப்பதை அவள் இதுவரை கவனித்ததே இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ராத்திரி முழுக்கச் சேர்த்துவைத்த வசவெல்லாம் வீணாகிவிட்டது.

கத்தி பாத்தி பாத்தியாகப் போய்வந்தது. களை எடுப்பவள் பிடித்துப் பார்த்தாள். தளிர் கிள்ளுபவள் பிடித்துப் பார்த்தாள். எந்தக் கைக்கும் அது சேரவில்லை.

அப்படியானால் வேலையே செய்யாத கை.

அது இன்னும் மோசம். ஊரில் உள்ள மெத்தென்ற கைகளை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். மருந்துக் கடையில் உட்கார்ந்திருப்பவள் கை. டெய்லர் பெண்டாட்டியின் கை. அன்றைக்கு அவள் கட்டிய ஒட்டில் பாதி கோணலாகப் போனது. கட்டைவிரலிலும் ஒரு கீறல்.

சாயங்காலம் அவன் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான்.

"யார் கைய்யா அது?"

அவனுக்கு விளங்கவில்லை. அவள் தன் கையைக் காற்றில் குவித்துக் காட்டினாள், சந்தையில் அவன் காட்டியதைப் போலவே.

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"உன் கைதான். கல்யாணத்தன்னைக்குப் பந்தல சுத்தி வந்தப்ப பிடிச்சேனே. இவ்ளோதானே இருந்துச்சு."

மறுபடியும் குவித்தான். அதே அளவு. இம்மியும் மாறவில்லை.

பொய் இல்லை. அது அவளுக்குத் தெரிந்தது.

எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை.

மாதேவியாக இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தக் கல்யாணப் பெண்ணை என்ன செய்வது? ஒரு குச்சியைச் சீவியதில்லை, ஒரு குடம் தூக்கியதில்லை. மஞ்சள் பூசிய கையோடு இத்தனை வருஷமாக அவன் கைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள், சிறுக்கி. அவனுக்குச் சோறு பொங்கிப் போடுவது இன்னொருத்தி.

அவள் கையை அவன் முன்னால் நீட்டினாள். மாம்பால் கறை, காய்ப்பு, இன்றைக்குப் பட்ட கீறல் எல்லாவற்றோடும்.

"இப்பப் பிடி."

அவன் உடனே பிடிக்கவில்லை. உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். அடுத்தவன் பெண்டாட்டியைத் தொடப் போகிறவனைப் போல வாசலை எட்டிப் பார்த்தான்.

தெருவில் யாரும் இல்லை.

இருந்தும் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.