காசிலிங்கம் கடைப் பாகம்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கயிற்றுக்கடை முதலாளி காசிலிங்கம், அவர் தம்பி வெள்ளத்துரை, மருமகள் உமாராணி, புன்னைக்காயல் படகுக்காரர் ஜேசுபாதம். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே நின்றதாக எவராவது சொன்னால் அது பொய்.

ஜேசுபாதம் நங்கூரக் கயிற்றுச் சுருளைக் கல்லா மேசைமேல் பொத்தென்று போட்டார்.

“நாப்பது பாகம்னு குடுத்தீங்க அண்ணாச்சி. என் கையில முப்பத்தெட்டுதான் வருது. எப்பவும் உங்க நாப்பது எனக்கு நாப்பத்திரண்டு வரும்லா?”

இரண்டு கைகளையும் விரித்தால் விரல்நுனி முதல் விரல்நுனி வரை ஒரு பாகம். காசிலிங்கம் ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். அவர் விரித்து அளந்தால் எந்தக் கடையை விடவும் தாராளமாக இருக்கும். ‘காசிலிங்கம் கடைப் பாகம்’ என்று மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு பேரே உண்டு.

“உங்க மருமக கம்ப்யூட்டர் வச்சுக் கயித்தத் திங்கான்னு கடற்கரை பூராப் பேசுதாங்க.”

காசிலிங்கத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. போன கார்த்திகை மழையில் குடோன் ஏணியிலிருந்து விழுந்தபோதுகூட ஒரு நாள் கடையை அடைக்காத மனிதர். அவரிடமா இந்தப் பேச்சு?

கம்பெனியிலிருந்து கயிறு மீட்டரில் வருகிறது. படகுக்காரர்கள் கேட்பதோ பாகத்தில். இந்த அல்லாட்டம் தீர உமாராணியே எழுதிய சின்ன புரோகிராம்தான் திரையில் இருந்தது. இரண்டு கட்டங்கள், ‘மாற்று’ என்று ஒரு பட்டன். மேலே பாகத்தை அடித்தால் கீழே மீட்டர் வரும். வெள்ளத்துரை அதைப் பார்த்து டேப் வைத்து வெட்டிக்கொடுப்பார்.

“ஏளா! மூணு தலைமுறையாச் சேத்த பேரு. ஒரு பட்டன அமுக்கிக் கடல்ல கரைச்சிட்டியே! இப்பவே அழி அதை!”

“நெட்ல கெடக்க அளவை நான் போடல மாமா. தை மாசம் நீங்க கையால அளந்து வெட்டின கயித்தத்தான் டேப் வச்சு அளந்து போட்டேன்.” உமாராணியின் குரலும் சுட்டது. “அழிக்கணும்னா நீங்களே அழிங்க.”

“எதுத்தா பேசுத? வெள்ளத்துரை, அந்தக் கயித்த எடுலே! என் கை பொய் சொல்லுதா, அந்தப் பெட்டி பொய் சொல்லுதான்னு இப்பவே பாத்துருவோம்.”

கடை நடுவில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, வெடுக்கு வெடுக்கென்று இழுத்து அளந்தார் காசிலிங்கம். தம்பி தெருவுக்கே கேட்கும்படி எண்ணினார்.

“முப்பத்தொம்பது… நாப்பது!”

கயிறு அத்தோடு தீர்ந்தது.

“பாத்தியாடே?” வெள்ளத்துரை துள்ளினார். “அண்ணன் கையும் சரி, கம்ப்யூட்டரும் சரி. வயசான காலத்துல ஒனக்குத்தான் கை வளந்துட்டு, ஜேசுபாதம்!”

உமாராணி இப்போதுதான் மூச்சுவிட்டாள். ஜேசுபாதம் சிரிக்கவில்லை. எண்ணி முடித்த பிறகும் அவர் காசிலிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வந்தபோது போட்ட சத்தம் எல்லாம் அடங்கி, மெதுவாகச் சொன்னார்.

“விடுங்க அண்ணாச்சி. கம்ப்யூட்டர் கோளாறுதான்னு நானே ஊர்ல சொல்லிருதேன். உங்க பேரு உங்களோட இருக்கட்டும்.”

வெள்ளத்துரைக்கு ஒன்றும் விளங்கவில்லை. உமாராணியின் முகம் சுண்டிப்போனது. ஜேசுபாதத்தின் பார்வை நின்ற இடத்தைக் காசிலிங்கமும் பார்த்தார். பிறகு கயிற்றைத் தரையில் வீசியெறிந்தார்.

“எனக்காக எவன்ட்டயும் பொய் சொல்லாதலே! கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்ல, காசிலிங்கத்துக்கு இடது கை முழுசா விரியலன்னு சொல்லு!”