திருகில்லாத கிளிப்

"மறுபடியும் தண்ணி ஒழுகுதுண்ணே! ஞாயித்துக்கிழமை ரேஸ் இருக்கு" என்று புலம்பியபடி ஸ்போர்ட்ஸ் காரின் பானெட்டைத் திறந்தான் இளைஞன்.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். ரேடியேட்டரின் தண்ணீர்க் குழாயை இறுக்கும் கிளிப் தளர்ந்திருந்தது. அதன் திருகில் கத்தி கீறிய தடம்.

"தானா கழண்டதில்ல தம்பி. உனக்கு ஆகாதவன் எவனோ பண்ற வேலை."

திருகே இல்லாத கிளிப்பை மாட்டி அழுத்தினார்.

"இனி எவனும் இதுல கை வைக்க முடியாது. பறந்துட்டு வா!"

ஞாயிறு மாலை, பக்கவாட்டில் நசுங்கிய காரை மட்டும் இழுத்து வந்து போட்டார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் இளைஞனின் அம்மா வந்தார். ரேடியேட்டருக்கு அடியில் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு ஈரமில்லை.

"நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க" என்றவர், கைப்பையிலிருந்து முனை வளைந்த காய்கறிக் கத்தியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஒழுகின வரைக்கும் என் புள்ள வீட்டுல இருந்தான்."