உள்ளங்கையில் கொஞ்சம் ஆஃப்டர்ஷேவ்

பக்கவாதத்தில் படுத்துவிட்ட தண்டபாணிக்கு முகம் மழிக்க ஆள் வைக்கலாம் என்று அவர் தங்கை விமலா சொன்னபோது, கோமளா ஒத்துக்கொள்ளவில்லை. காலைதோறும் அவளே பிரஷ்ஷை வெந்நீரில் ஊறவைத்து, கிண்ணத்துச் சந்தனச் சோப்பில் சுழற்றிச் சுழற்றி, கெட்டித் தயிர்போல நுரை எழுப்பினாள். கணவரின் தாடையிலும் தொண்டையிலும் நிதானமாகப் பூசி மழித்தாள். ஒரு கீறல்கூட விழாது. அதுவரை சுகமாகக் கண்மூடிக் கிடப்பவர், ஆஃப்டர்ஷேவ் பாட்டிலின் மூடி திருகும் சத்தம் கேட்டதும் விழித்துக்கொள்வார்.

முன்பெல்லாம் சவரத்துக்கு வைத்த வெந்நீர் கொஞ்சம் ஆறியிருந்தால் போதும். ஆஃப்டர்ஷேவைத் தன் கன்னங்களில் செல்லமாகத் தட்டிக்கொண்டு, ஈரம் காய்வதற்குள் அதே கையால் அவளை அறைவார். அந்த வாசனை நாளெல்லாம் அவள் கன்னத்தில் இருக்கும்.

இப்போது அவள் தட்டினாள். பளாரென்று கூடம்வரை கேட்டது.

"மெதுவா, அண்ணி," என்றபடி விமலா உள்ளே வந்தாள்.

"அடிச்சுப் போட்டாத்தாம்மா உள்ள எறங்கும். உங்க அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான்."

"அண்ணன் குடுத்து வச்சவரு," என்று விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது போர்வைமேல் கிடந்த அவருடைய வலது கை மெல்ல அசைந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. டாக்டருக்குப் போன் செய்ய விமலா வெளியே ஓடினாள்.

கோமளா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். இத்தனை நாளும் ஒரு கையில்தான் ஊற்றிக்கொள்வாள். இன்று இரண்டு உள்ளங்கைகளும் நனைய ஊற்றிக்கொண்டாள்.