மதகுக் காவலுக்கு ஓர் ஓட்டப்பந்தயம்

ஓர் ஏரிக்கரையில் நடந்ததாகச் சொல்கிறார்கள். பந்தயத்தில் வென்றது கீரி என்பார் சிலர், அணில் என்பார் சிலர். நத்தையைப் பற்றி மட்டும் எவரும் மாற்றிச் சொல்வதில்லை.

ஏரியின் மதகுக்குக் காவல் தேவைப்பட்டது. மதகடியில் நகராமல் அமர்ந்திருந்து, தண்ணீர் வெள்ள அளவு காட்டும் சிவப்புக் கல்லைத் தொட்டதும் குரல் கொடுக்க வேண்டும். காவலருக்கு அந்தக் கல்லடியில் கோடையிலும் ஈரம் காயாத குடியிருப்பு உண்டு. தன் சேற்றுக் குழி வெடித்துக் காய்ந்துவிட்டதால் நத்தையும் வேலை கேட்டு வந்தது.

"விதி எல்லோருக்கும் ஒன்றுதான்," என்றது ஏரியின் பொறுப்பிலிருந்த நாரை. "கரையின் மறுமுனையிலிருந்து முதலில் ஓடி வருபவருக்கே வேலை."

"ஐயா, உட்கார்ந்திருக்கும் வேலைக்கு எதற்கு ஓட்டம்?" என்று கேட்டது நத்தை.

"போன ஆண்டும் ஓட்டம்தான் வைத்தோம்."

"அந்தக் காவலர் இப்போது எங்கே?"

நாரை சற்று யோசித்தது. "எங்கேயோ ஓடிவிட்டார்."

கீரி சிரித்தது. "நத்தையாரே, நீங்கள் கிளம்புங்கள். நான் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்." சொன்னபடியே வந்து, வென்று, வேலையில் அமர்ந்தது.

மூன்றாம் நாள் பெருமழை. கீரியோ ஒரு பாம்பைத் துரத்திக்கொண்டு வயலுக்குப் போயிருந்தது.

"தண்ணீர் கல்லைத் தொட்டுவிட்டது!" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. நாரை பதறிப் பறந்து வந்து மதகைத் திறந்தது, கரை பிழைத்தது. சிவப்புக் கல்லின் மேல் நத்தை இருந்தது.

"நீ இன்னும் வீட்டுக்குப் போகவில்லையா?"

"இப்போதுதான் ஓடி முடித்தேன், ஐயா. இங்கே வேறு யாரையும் காணோமே. நான்தான் முதலில் வந்தேனா?"