உப்புத்தண்ணி போதும்

"கீரையை உப்புத்தண்ணியில அஞ்சு நிமிஷம் போட்டு, அப்புறம் ஓடுற தண்ணியில அலசுங்க. இதுகூடத் தெரியாமதான் ஊரே சமைக்குது" என்று வானொலியின் ஆரோக்கிய ஆலோசகர் தொண்டையைச் செருமினார். மேசைக்கடியில் வலது காலைச் செருப்பிலிருந்து மெல்ல உருவிக்கொண்டார்.

நேயர்களின் கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டு அவரிடம் சொல்வது அறிவிப்பாளினியின் வேலை. அடுத்த அழைப்பைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"சார், ஒரு அம்மா ரொம்பப் பயந்துபோய்ப் பேசுறாங்க. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய். குதிகால்ல புண்ணு, ஓரமெல்லாம் கறுத்துப்போச்சாம். டாக்டர்கிட்ட வரமாட்டேங்கிறாராம்."

"ஏனாம்?"

"உப்புத்தண்ணியில ஊறவச்சா போதும்கிறாராம்."

"புண்ணு என்ன கீரைக்கட்டா?" ஆலோசகர் சீறினார். "காலே போயிடும்மா. அந்த மேதாவியை இன்னைக்கே இழுத்துக்கிட்டுப் போங்க."

"எனக்குத் தெரியாத வைத்தியமான்னு மல்லுக்கு நிக்கிறாராம் சார். அதைச் சொல்லும்போதே அந்தம்மா அழறாங்க."

"இப்படி நாலு அரைகுறைங்க இருக்கிறதாலதான் நான் தொண்டை வறளக் கத்த வேண்டியிருக்கு."

"முக்கியமான வேலையில இருக்காராம்."

"காலைவிட வேலை பெருசா? போட்டது போட்டபடி கிளம்பச் சொல்லுங்க."

அறிவிப்பாளினி அதை அப்படியே தொலைபேசியில் ஒப்பித்தாள். பதிலைக் கேட்டுக்கொண்டாள். அவசரமாக ஒரு பாட்டை ஓடவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"வண்டி கீழே தயாரா நிக்குதாம் சார். நீங்க சொன்னபடியே உடனே இறங்கி வரணுமாம். பேசுறது உங்க வீட்டம்மா."

மேசைக்கடியில் ஆலோசகரின் கால் செருப்பைத் தேடியது.